பிரவுசர் ரெக்கார்டரும் பச்சை டிக்கும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கல்வெட்டு ஆர்வம் உள்ள நண்பர் ஒருவர் போன் பண்ணினார். "சார், உங்க தேடல் பக்கத்துல தமிழ்ல டைப் பண்ணவே முடியலையே. நிலம்னு அடிச்சா இங்கிலீஷ் எழுத்தாவே நிக்குது. மூணு வாரமா இப்படித்தான் இருக்கு. நீங்களே பார்த்துச் சரி பண்ணிடுவீங்கன்னு விட்டுட்டேன்" என்றார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. என் கல்வெட்டுக் குறிப்புகளைத் தேடுவதற்காக நானே எழுதி வைத்திருக்கும் சின்னப் பக்கம் அது. அதன் மேல் தினமும் இரவு 2 மணிக்கு 14 தானியங்கி டெஸ்டுகள் ஓடுகின்றன. அவற்றில் முதல் டெஸ்டே, தேடல் பெட்டியில் 'நிலம்' என்று போட்டுத் தேடி, முடிவுகள் வருகின்றனவா என்று பார்ப்பதுதான். மூன்று வாரத்துப் பதிவையும் எடுத்துப் பார்த்தேன். 21 இரவும் பச்சை டிக். ஒரு நாள்கூடச் சிவப்பு இல்லை.

ஆனால் நண்பர் சொன்னது உண்மைதான். கணினியில் இருந்த தமிழ் விசைப்பலகையை அணைத்துவிட்டு, அவர் அடிப்பது போல ஆங்கில எழுத்துகளில் அடித்துப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. பக்கம் உடைந்திருந்தது. டெஸ்ட் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருந்தது.

இந்த டெஸ்டுகளில் பெரும்பாலானவை நான் உட்கார்ந்து எழுதியவை அல்ல. ரெக்கார்ட் பண்ணியவை. அதாவது பிரவுசரில் நான் செய்ததை ஒரு கருவி கவனித்து, அதுவே டெஸ்டாக எழுதிக் கொடுத்தது. தப்பு எங்கே நடந்தது என்று தேடப் போய், ரெக்கார்டர் என்பது எதைப் பதிகிறது, எதைப் பதிவதில்லை என்று கொஞ்சம் ஆழமாகப் பார்க்க வேண்டியதாயிற்று. அதன் குறிப்புதான் இது. டெஸ்டிங் வேலையில் இல்லாதவர்களுக்கும் புரிகிற மாதிரி எழுதப் பார்க்கிறேன்.

ஒரு பாதரச நகைச்சுவை

ரெக்கார்ட் செய்து மறுபடி ஓட்டுவது என்பது புதிய யோசனை இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மெர்க்குரி இன்டராக்டிவ் என்ற நிறுவனத்தின் வின்ரன்னர்தான் எல்லார் வாயிலும். அதில் இரண்டு விதமாகப் பதியலாம். ஒன்றில் மவுஸ் திரையில் எந்தப் புள்ளியில் இருந்து எந்தப் புள்ளிக்குப் போனது என்பதே பதிவாகும். ஜன்னலை நாலு விரற்கடை நகர்த்தி வைத்தால் போச்சு, எல்லா கிளிக்கும் வெறும் இடத்தில் விழும். இன்னொன்றில் 'இந்த ஜன்னலில் இந்தப் பெயருள்ள பட்டனை அழுத்தினார்' என்று பொருளோடு பதிவாகும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று வரை ரெக்கார்டர்களின் வரலாறே முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கிப் போகிற வரலாறுதான்.

2004இல் சிகாகோவில், தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் அவர்களுடைய உள் அலுவலகச் செயலி ஒன்றை டெஸ்ட் செய்வதற்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கருவி எழுதினார். அதுதான் செலினியம். பெயர்க் காரணம் ஒரு கிண்டல். மெர்க்குரி என்றால் பாதரசம். பாதரச நஞ்சுக்கு செலினியம் மாற்று என்று ஒரு பேச்சு உண்டு. காசு கொடுத்து மெர்க்குரி வாங்க வேண்டாம், இலவசமாக செலினியம் இருக்கிறது என்று அர்த்தம். மெர்க்குரியை 2006இல் எச்.பி. நிறுவனம் வாங்கியது. வின்ரன்னர் மறைந்தது. செலினியம் இன்னும் இருக்கிறது.

ஆரம்ப செலினியத்தில் ரெக்கார்டர் கிடையாது, டெஸ்டை ஒரு அட்டவணையாகக் கையால் எழுத வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த ஷின்யா கசதானி என்பவர் ஃபயர்பாக்ஸுக்கான ஒரு நீட்சியாக ரெக்கார்டரை எழுதி, 2006இல் அந்தத் திட்டத்துக்கே கொடுத்துவிட்டார். செலினியம் ஐ.டி.இ. என்று பெயர். சிவப்பு வட்டத்தை அழுத்து, பக்கத்தில் வேலையைச் செய், மறுபடி அழுத்து. மூன்று பத்தி அட்டவணை ஒன்று தயாராக இருக்கும். முதல் பத்தியில் செயல், இரண்டாவதில் எதன் மேல், மூன்றாவதில் என்ன மதிப்பு. நிரலே தெரியாதவர்கூட வாசித்துவிடலாம். எளிமை என்றால் அப்படி ஒரு எளிமை. 2017 ஆகஸ்டில் ஃபயர்பாக்ஸ் 55 வந்தபோது பழைய ஐ.டி.இ. வேலை செய்வது நின்றது. பிறகு புதிதாக எழுதப்பட்டு வந்தது.

இன்று நான் பயன்படுத்துவது பிளேரைட். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதற்கு முன் கூகுளில் பப்பட்டியரை உருவாக்கியவர்களில் சிலர்தான் அங்கே போய் இதைச் செய்தார்கள். இதில் உள்ள ரெக்கார்டருக்கு கோட்ஜென் என்று பெயர். இவை எதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, 2022இல் இருந்து குரோம் பிரவுசரின் டெவலப்பர் கருவிகளுக்குள்ளேயே ரெக்கார்டர் என்று ஒரு பலகை இருக்கிறது.

தெருமுனையில் நிற்கும் வாட்ச்மேன்

சரி, ரெக்கார்டர் எப்படிப் பார்க்கிறது? அது திரையைப் பார்ப்பதில்லை. இதைத்தான் நிறையப் பேர் தப்பாக நினைத்துக்கொள்கிறார்கள். திரையை வீடியோ எடுப்பது போல ஒன்றும் நடப்பதில்லை.

பிரவுசரில் நாம் எதைச் செய்தாலும் அது 'ஈவென்ட்' என்ற செய்தியாக மாறுகிறது. ஒரு பட்டனை ஒருமுறை அழுத்தினால், மவுஸ் கீழே போனது, மேலே வந்தது, கிளிக் ஆனது என்று குறைந்தது மூன்று செய்திகள். ஒரு எழுத்தை அடித்தால், விசை கீழே போனது, பெட்டியின் உள்ளடக்கம் மாறியது, விசை மேலே வந்தது என்று வரிசையாகப் போகும். இந்தச் செய்தி ஒவ்வொன்றும் பக்கத்தின் உச்சியில் இருந்து கிளம்பி, கட்டம் கட்டமாகக் கீழிறங்கி, சம்பந்தப்பட்ட பட்டனையோ பெட்டியையோ போய்ச் சேர்ந்து, பிறகு வந்த வழியே மேலேறும்.

ரெக்கார்டர் செய்வது, ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்டை அந்தப் பக்கத்துக்குள் நுழைத்து, உச்சியிலேயே, அதாவது செய்தி இறங்க ஆரம்பிக்கிற இடத்திலேயே நின்றுகொள்வது. தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் மாதிரி. யார் எந்த வீட்டுக்குப் போகிறார் என்று அவருக்குத் தெரியும். செய்தி வீட்டுக்குள் போன பிறகு உள்ளே என்ன நடந்தது என்பது அவருக்குத் தெரியாது. கீழே ஏற்கிற இடத்தில் நிற்காமல் மேலே நிற்பதற்கு நல்ல காரணம் உண்டு. பக்கத்தின் சொந்த நிரல், 'இந்தச் செய்தி இதோடு நிற்கட்டும், மேலே போக வேண்டாம்' என்று தடுத்துவிடலாம். மேலேறும் வழியில் காத்திருக்கும் ரெக்கார்டருக்கு அப்போது எதுவுமே தெரியாமல் போகும். இறங்கும் வழியின் தொடக்கத்தில் நின்றால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை.

பிறகு சுருக்கும் வேலை. நான் ஐந்து எழுத்து அடித்தால் பதினைந்து இருபது செய்திகள் வரும். அத்தனையையும் எழுதினால் டெஸ்டை மனிதன் படிக்க முடியாது. அதனால் ரெக்கார்டர், 'கடைசியில் பெட்டிக்குள் என்ன இருந்தது' என்பதை மட்டும் வைத்துக்கொண்டு, 'இந்தப் பெட்டியில் இதை நிரப்பு' என்று ஒரே வரியாக எழுதிவிடும். எங்கே கிளிக்கினோமோ அதற்கு முந்தைய மவுஸ் அசைவுகளை எல்லாம் தூக்கிப் போட்டுவிடும். இது ஒரு தேர்வு, வெறும் பதிவு இல்லை. எது முக்கியம், எது முக்கியமில்லை என்று நம் சார்பில் அது முடிவெடுக்கிறது. பெரும்பாலும் சரியாகவே எடுக்கிறது. மவுஸைச் சும்மா மேலே வைத்தாலே விரிகிற மெனு இருக்கிறதே, அங்கே பெரும்பாலான ரெக்கார்டர்கள் மாட்டிக்கொள்ளும். மேலே வைத்ததைப் பதியாமல், விரிந்த மெனுவில் கிளிக்கியதை மட்டும் பதியும். திருப்பி ஓட்டும்போது மெனு விரியவே இல்லையே, எதைக் கிளிக்குவது என்று திணறி நிற்கும்.

முகவரிப் பிரச்சினை

'எதை' அழுத்தினோம் என்பதை எப்படி எழுதி வைப்பது? நாளைக்கு வந்து அதே பட்டனைக் கண்டுபிடிக்க வேண்டுமே.

ஊரில் வழி சொல்வது போலத்தான். 'தெருவில் இடது பக்கம் ஏழாவது வீடு' என்று சொல்லலாம். நடுவில் யாராவது ஒரு கடை கட்டினால் ஏழாவது வீடு எட்டாவது ஆகிவிடும். 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு' என்றால் கொஞ்சம் தாங்கும். வீட்டுக்காரர் பெயர் சொல்லி விசாரித்தால் இன்னும் நன்றாகத் தாங்கும்.

பழைய ரெக்கார்டர்கள் வேறு வழி கிடைக்காதபோது முதல் வகையைத்தான் எழுதின. எக்ஸ்பாத் என்று பெயர். 'பக்கத்தில் மூன்றாவது கட்டம், அதற்குள் இரண்டாவது அட்டவணை, அதில் நான்காவது வரிசை, அதில் உள்ள முதல் இணைப்பு' என்று போகும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் இப்படிப் பதிந்த இருநூற்றுச் சொச்சம் டெஸ்டுகள் இருந்தன. பக்கத்தின் மேலே ஒரு அறிவிப்புப் பட்டை சேர்த்தோம், அவ்வளவுதான் செய்தோம். மறுநாள் காலை பாதிக்கு மேல் சிவப்பு. செயலியில் ஒரு தப்பும் கிடையாது. முகவரிகள்தான் ஒன்று தள்ளிப் போயிருந்தன. 'ஐ.டி. இருந்தால் அதை எடுத்துக்கொள்' என்று சொன்னாலும் நிம்மதி இல்லை. அந்தக் காலத்து எக்ஸ்ட் ஜே.எஸ். போன்ற நிரலகங்கள், பக்கம் திறக்கும்போது தாமாகவே எண் போட்டு ஐ.டி. கொடுக்கும். இன்றைக்கு 1023 என்று முடிகிற ஐ.டி., நாளைக்கு 1031 ஆக இருக்கும்.

பிளேரைட் செய்வது வீட்டுக்காரர் பெயர் சொல்லி விசாரிக்கிற முறை. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்கள், ஒரு பொருளை 'பட்டன், தேடு' என்றுதான் அடையாளம் காட்டும். அதே அடையாளத்தை டெஸ்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். 'தேடு என்ற பெயருள்ள பட்டன்' என்று எழுதினால், அது பக்கத்தில் எங்கே நகர்ந்தாலும் கவலை இல்லை. இதில் எனக்குப் பிடித்த பக்க விளைவு ஒன்று உண்டு. ரெக்கார்டர் ஒரு பட்டனுக்கு நல்ல முகவரி எழுத முடியாமல் ஏதோ நீளமாக உளறினால், அந்தப் பட்டனுக்குச் சரியான பெயரே இல்லை என்று சந்தேகப்படலாம். அதாவது திரைவாசிப்பான் வைத்திருப்பவருக்கும் அந்தப் பட்டன் புரியாது. என் பக்கத்தில் பூதக்கண்ணாடிப் படம் மட்டும் போட்ட பட்டன் ஒன்று இப்படித்தான் சிக்கியது.

தமிழ்ப் பக்கங்களில் இதில் ஒரு சின்ன வில்லங்கம். பெயரைப் பொருத்தும்போது பிளேரைட் முழுப் பெயரையும் கேட்பதில்லை; பெயரின் ஒரு பகுதி பொருந்தினாலே ஏற்றுக்கொள்ளும். என் பட்டனை 'தேடு' என்பதில் இருந்து 'தேடுக' என்று மாற்றியபோது டெஸ்ட் உடையவே இல்லை. அட, பரவாயில்லையே என்று நினைத்தேன். பிறகு 'ஊர்' என்ற இணைப்பு இருந்த இடத்தில் 'ஊர்ப்பெயர்' என்று இன்னொன்றைச் சேர்த்தேன். 'நீ சொன்ன பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள், யாரைக் கூப்பிட?' என்று டெஸ்ட் நின்றுவிட்டது. தமிழில் விஷயம் இன்னும் ஒரு படி மேலே. கணினிக்கு 'படி' என்பது ப, ட, இகரக்குறி என்ற மூன்று குறியீடுகள். அதற்குள் 'பட' இருக்கிறது. நம் கண்ணுக்கு டி என்பது ஓர் எழுத்து, அதற்குள் ட தனியாக இல்லை. கருவிக்கு இருக்கிறது. முழுப் பெயரும் பொருந்த வேண்டும் என்று கேட்பதற்கு ஒரு தேர்வு உண்டு. இரண்டு பெயர்கள் குழம்பும் என்றால் கோட்ஜென் பதியும்போதே அதைப் போட்டுவிடும். ஆனால் பதியும் நாளில் குழப்பம் இருந்தால்தானே போடும்? நாளைக்கு நான் சேர்க்கப்போகிற இணைப்பு அதற்கு எப்படித் தெரியும்.

காத்திருப்பு பற்றி ஒரு பத்தி

தேடு என்று அழுத்திவிட்டு முடிவு வரும்வரை நான் சும்மா இருந்தேனே, அது எங்கே பதிவாகிறது? எங்கேயும் இல்லை. சும்மா இருப்பதற்கு ஈவென்ட் கிடையாது. பழைய காலத்தில் டெஸ்ட் மனிதனைவிட வேகமாக ஓடிப்போய், இன்னும் வராத இணைப்பைக் கிளிக்கப் பார்த்து விழும். 'ஐந்து நொடி தூங்கு' என்று நடுநடுவே செருகுவோம். சர்வர் மெதுவாக இருக்கும் நாளில் ஐந்து நொடி போதாது, மற்ற நாளில் ஐந்து நொடியும் வீண். இருநூறு டெஸ்டுக்கும் கூட்டிப் பார்த்தால் மணிக்கணக்கில் தூக்கம்! பிளேரைட் இதை நன்றாகவே தீர்த்திருக்கிறது. கிளிக்குவதற்கு முன், அந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, முடக்கப்படாமல் இருக்கிறதா, வேறு எதுவும் அதை மறைக்கவில்லையா என்று தானே பார்த்துக் காத்திருக்கும். என் தொல்லைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, அதனால் மேலே போகிறேன்.

கை பதிவாகும், கண் பதிவாகாது

டெஸ்ட் என்றால் இரண்டு பாகம். ஒன்று, ஒரு வேலையைச் செய்வது. இன்னொன்று, நடந்தது சரிதானா என்று பார்ப்பது. ரெக்கார்டர் முதல் பாகத்தை அழகாக எழுதிவிடும். இரண்டாவது பாகம் என் தலைக்குள் நடக்கிறது. முடிவுகள் வந்ததும் நான் ஒரு கண் ஓட்டி, 'ம், சரியாத்தான் வந்திருக்கு' என்று நினைக்கிறேன். நினைப்பதற்கும் ஈவென்ட் கிடையாது.

மேலே சொன்ன அதே பழைய இடத்தில், பில் போடும் பக்கம் ஒன்றுக்கு இப்படிப் பதிந்த டெஸ்ட் இருந்தது. பொருளைச் சேர், தள்ளுபடிக் குறியீட்டைப் போடு, அடுத்து, அச்சிடு, வெளியேறு. ஒரு வெளியீட்டில் தள்ளுபடி கழியாமலேயே மொத்தம் வந்தது. டெஸ்ட் எல்லாப் பட்டனையும் அழுத்தியது, எல்லாப் பட்டனும் அழுந்தின, பச்சை டிக். மொத்தத் தொகையைப் பார் என்று யாரும் அதற்குச் சொல்லவே இல்லை. கண்டுபிடித்தது வாடிக்கையாளர். அந்த டெஸ்டைப் பதிந்தவன் நான்தான். பதியும்போது மொத்தத்தைப் பார்த்தேனா என்று என்னைக் கேட்டால், கட்டாயம் பார்த்தேன். பார்த்தேன் என்பது மட்டும் எங்கேயும் எழுதப்படவில்லை.

இப்போது கோட்ஜென்னில் இதற்கென்று பட்டன்கள் வைத்திருக்கிறார்கள். பதிவின் நடுவே 'இது தெரிகிறதா என்று பார்', 'இதன் உரை இதுவா என்று பார்', 'இந்தப் பெட்டியின் மதிப்பு இதுவா என்று பார்' என்று சுட்டிக் காட்டலாம். நல்ல வசதி. ஆனால் நாம் நினைத்து அழுத்த வேண்டும். அதோடு, அது எடுத்துக்கொள்வது இப்போது திரையில் இருக்கிற உரையை. இப்போது இருப்பதே தப்பு என்றால், தப்பைத்தான் சரி என்று எழுதி வைக்கும்.

என் இரவு டெஸ்ட் அந்தப் பழைய பில் டெஸ்ட் மாதிரி கண் இல்லாதது அல்ல. முடிவுகளில் 'நிலம்' என்ற சொல் வருகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதுதான். இருந்தும் ஏன் தவறவிட்டது?

நிலத்துக்கு வருவோம்

என் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளில் அடித்தால் தமிழாக மாற்றும் ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருக்கிறது. தமிழ் விசைப்பலகை நிறுவாதவர்களுக்காக. அது எப்போது விழித்துக்கொள்ளும் என்றால், விசையில் இருந்து விரலை எடுக்கும்போது. அடித்த ஆங்கில எழுத்து முதலில் பெட்டிக்குள் விழும். விரலை எடுத்ததும் என் நிரல் அதைத் தமிழாக்கி, பெட்டியை மாற்றி எழுதும். கண் சிமிட்டும் நேரத்தில் நடப்பதால் யாருக்கும் தெரியாது.

இந்த டெஸ்டை முதலில் பதிந்தபோது, என், ஐ, எல், ஏ, எம் என்று ஆங்கிலத்தில்தான் அடித்தேன். திரையில் அழகாக 'நிலம்' என்று வந்தது. ஆனால் ரெக்கார்டர் எழுதிக் கொடுத்த வரியில் 'நில' என்ற தமிழுக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில 'எம்' தொங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அதைப் பார்த்து, 'ஏதோ தமிழ் யூனிகோட் கோளாறு, வழக்கம் போல' என்று அலுத்துக்கொண்டு, அந்த எம்மை அழித்துவிட்டு 'நிலம்' என்று என் கையாலேயே திருத்தினேன். ஓட்டினேன். பச்சை. சந்தோஷமாக எழுந்து போய்விட்டேன்.

அது கோளாறே இல்லை. வாட்ச்மேன் தான் பார்த்ததை அப்படியே எழுதியிருந்தார். பெட்டியின் உள்ளடக்கம் மாறியது என்ற கடைசிச் செய்தி வந்த நொடியில், பெட்டிக்குள் இருந்தது அதுதான். ஏற்கெனவே தமிழாகிவிட்ட 'நில', இன்னும் தமிழாகாத எம். அதற்குப் பிறகு விரலை எடுத்தேன், என் நிரல் பெட்டியை மாற்றியது. நிரல் தானாகப் பெட்டியை மாற்றினால் பிரவுசர் அதற்கு ஈவென்ட் அனுப்புவதில்லை. மனிதன் அடித்தால்தான் அனுப்பும். ஆகவே ரெக்கார்டருக்குத் தெரிய வாய்ப்பில்லை. இங்கே விசை அடிப்புக்கும் பெட்டியின் மதிப்புக்கும் நடுவில் வேறு யாரோ வேலை செய்கிறார்கள் என்பதற்கு அந்தத் தொங்கும் எம் ஒன்றுதான் தடயம். அதை நான் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்துவது போலத் திருத்திவிட்டேன்.

திருத்திய பிறகு டெஸ்ட் செய்தது என்ன? 'பெட்டியில் நிலம் என்று நிரப்பு' என்ற கட்டளைக்கு பிளேரைட் ஒவ்வொரு விசையாக அடிப்பதில்லை. மொத்த மதிப்பையும் ஒரே தூக்கில் பெட்டிக்குள் வைத்துவிட்டு, 'உள்ளடக்கம் மாறியது' என்ற ஒரு செய்தியை மட்டும் அனுப்பும். விசை கீழே போகவில்லை, மேலே வரவும் இல்லை. அதாவது எழுத்து மாற்றும் நிரல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் டெஸ்டுக்கு ஒன்றுதான். தேடல் சரியாக வேலை செய்தது, முடிவுகளில் 'நிலம்' வந்தது, டெஸ்ட் உண்மையைத்தான் சொன்னது. நான் கேட்டதாக நினைத்த கேள்வியும் அது பதில் சொன்ன கேள்வியும் வேறு வேறு.

உடைந்தது எப்படி என்பது சப்பென்ற கதை. கோப்புகளை அடுக்கி வைக்கிறேன் பேர்வழி என்று ஒரு அடைவின் பெயரை மாற்றினேன். எழுத்து மாற்றும் கோப்பின் முகவரியை மட்டும் மாற்ற மறந்துவிட்டேன். சர்வர் ஒவ்வொரு முறையும் 404 என்று பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஏன் தெரியவில்லை என்றால், நான் தமிழ்99 விசைப்பலகையைக் கணினியிலேயே நிறுவி வைத்திருப்பவன். என் பக்கத்தில் நான் ஆங்கில எழுத்தில் அடிப்பதே இல்லை. டெஸ்டும் என்னைப் போலவே தமிழை நேராகப் போட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கதவு வழியாகப் போய்க்கொண்டிருந்தோம், நண்பர் வேறு கதவு.

சரி செய்தது பெரிய வேலை இல்லை. நிரப்பும் வரியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு விசையாக அடிக்கும் கட்டளையைப் போட்டேன். பிளேரைட்டில் இதற்கு பிரஸ் சீக்வென்ஷியலி என்று தனியாக ஒன்று இருக்கிறது. சாதாரணமாக நிரப்புவதையே பயன்படுத்துங்கள், விசைகளைக் கவனிக்கும் நிரல் பக்கத்தில் இருந்தால் மட்டும் இதற்கு வாருங்கள் என்று அவர்கள் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். நான் இப்போதுதான் படித்தேன். ஐந்து ஆங்கில எழுத்துகளை அடித்த பிறகு, தேடுவதற்கு முன்பே, பெட்டியில் 'நிலம்' இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு வரி. பிறகு வேண்டுமென்றே அந்தக் கோப்பின் பெயரை மறுபடி கெடுத்து ஓட்டினேன். சிவப்பு வந்தது. அப்பாடா. சிவப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

கூடவே, பக்கம் கேட்கும் எந்தக் கோப்புக்காவது 404 வந்தால் டெஸ்ட் விழ வேண்டும் என்றும் சேர்த்தேன். இதிலும் ஒரு குழி இருக்கிறது. பிளேரைட்டில் 'கோரிக்கை தோற்றது' என்று ஒரு அறிவிப்பு உண்டு. அதைப் பிடித்தால் போதும் என்று நினைத்தேன், போதாது. சர்வர் பதிலே சொல்லாவிட்டால்தான் அது தோல்வி. 404 என்பது ஒரு பதில், 'இல்லை' என்ற பதில். அதனால் ஒவ்வொரு பதிலின் எண்ணையும் எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

'நிலம்' வேலை செய்கிறது என்றதும் உற்சாகத்தில் 'கோயில்' என்ற சொல்லுக்கும் அதே மாதிரி டெஸ்ட் போட்டேன். அது விழுந்தது. திரையில் இரண்டு சொல்லும் ஒன்றுபோலவே தெரிகின்றன, ஒப்பிட்டால் வேறு என்கிறது. காரணம், கோ என்பதை இரண்டு விதமாக எழுதி வைக்கலாம். ககரத்தோடு ஓகாரக்குறி என்ற ஒரே குறியீடு சேர்ந்து வரலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாக வரலாம். இரண்டும் சமம் என்று யூனிகோட் விதியே சொல்கிறது, ஆனால் குறியீட்டுக்குக் குறியீடு ஒப்பிடும் கருவி அதைப் பார்ப்பதில்லை. என் பழைய குறிப்புகளில் பாதி இரண்டாவது விதமாக இருக்கின்றன, எழுத்து மாற்றும் நிரல் முதல் விதமாகக் கொடுக்கிறது. அதாவது டெஸ்ட் விழுந்தது சரி! 'கோயில்' என்று தேடிய நண்பர்களுக்குப் பாதிக் குறிப்புகள் இத்தனை நாளும் வரவே இல்லை. தரவையும் தேடும் சொல்லையும் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றி ஒன்றாக்கினேன். இதை ஏன் யாரும் சொல்லவில்லை என்றால், வராத முடிவு வரவில்லை என்று யாருக்குத் தெரியும்?

ரெக்கார்டரை இதற்காக நான் விட்டுவிடவில்லை. இன்றும் புதிய டெஸ்ட் வேண்டுமென்றால் முதலில் பதிந்துதான் பார்க்கிறேன். முகவரிகளை அது என்னைவிட நன்றாக எழுதுகிறது. பதிந்ததை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு நிரப்பும் வரியிலும், 'இங்கே நான் உண்மையில் எதை அடித்தேன்?' என்று கேட்டுக்கொள்கிறேன். அது எழுதியது விநோதமாக இருந்தால் திருத்துவதற்கு முன் ஏன் என்று பார்க்கிறேன். உள்நுழையும் பக்கத்தைப் பதிந்தால் கடவுச்சொல்லையும் வெற்றெழுத்தாக எழுதி வைத்திருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோப்பை அப்படியே கிட்டில் ஏற்றியவர்களை எனக்குத் தெரியும்.

தீராத ஒன்று, செல்பேசி. ஆண்ட்ராய்டின் திரை விசைப்பலகையில் எந்த எழுத்தைத் தட்டினாலும், பெரும்பாலும் விசை எண் 229 என்றுதான் பிரவுசருக்கு வருகிறது. எந்த எழுத்து என்ற விவரம் அதில் இல்லை. அந்த விசைப்பலகை சொல்லை இன்னும் கட்டிக்கொண்டிருக்கும்போதே என் நிரல் நடுவில் புகுந்து பெட்டியை மாற்றினால் எழுத்துகள் இரட்டிக்கின்றன. பிளேரைட்டில் செல்பேசி போலப் பாவனை செய்யலாம். திரை அளவும் தொடுதலும் வரும், விசைப்பலகை வராது. அதனால் ரெக்கார்டராலும் பதிய முடியாது, இரவு டெஸ்டாலும் பிடிக்க முடியாது. இப்போதைக்கு மாதத்தின் முதல் ஞாயிறு, காபியோடு உட்கார்ந்து, செல்பேசியில் என் கையாலேயே 'நிலம்', 'கோயில்', 'ஏரி' என்று மூன்று சொல் அடித்துப் பார்க்கிறேன். நண்பரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், அடுத்த முறை மூன்று வாரம் காத்திருக்க வேண்டாம் என்று.